சத்தம் வராத தபேலா

போன மாதம் உயிரோடிருக்கும் ஒரு மனிதரை நான் கொன்றுவிட்டேன். வேறெங்கும் இல்லை, இதே பக்கத்தில்தான்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்துக் கோயில் பொங்கல்களில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த மெல்லிசைக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். எம். புதுப்பட்டியின் 'செவ்வந்தி மெல்லிசைக் குழு'வைப் பற்றியும் அதில் நாலு வரி உண்டு. அந்தக் குழுவில் தபேலா வாசித்த கருப்பசாமியைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் 'அவரும் காலமாகிவிட்டார்' என்று முடித்திருந்தேன். டீக்கடையில் யாரோ சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

பத்தி வந்த மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"பேப்பர்ல எழுதுறவுக நீங்கதானா?"

"ஆமாங்க..."

"எங்க வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாகன்னு எழுதியிருக்கீக. இங்கன உக்காந்து கருவாட்டுக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. போனைக் குடுக்கவா, பேசுறீகளா?"

தெரிந்தவர்களோடு போனில் பேசுவதற்கே நான் கூச்சப்படுவேன். செத்தவரோடு என்ன பேசுவது?

அந்த அம்மாளின் பெயர் குருவம்மாள். நான் எழுதியதால் கருப்பசாமி வேலை செய்யும் பட்டாசுக் கம்பெனியில் ஒரே கேலியாம். கூட வேலை பார்க்கும் ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். குருவம்மாள் விடவில்லை.

"மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கோங்கண்ணே. எனக்கு ஒரு காரியம் செஞ்சு குடுங்க."

காரியம் இதுதான். விருதுநகரில் விமலா என்பவர் ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறார். வார நாட்களில் தையல் கடை, திருவிழா சீசனில் கச்சேரி. அவருடைய தபேலாக்காரர் மகனோடு இருப்பதற்காகத் திருப்பூருக்குப் போய்விட்டார். பங்குனிப் பொங்கலுக்குள் ஆள் வேண்டும். என் பத்தியைப் படித்துவிட்டு, 'இப்படி வாசிக்கிற ஆள் போய்ச் சேர்ந்துட்டாரே' என்று வருத்தப்பட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் 'அவர் நல்லாத்தான் இருக்காரு' என்று சொல்ல, உடனே ஆள் விட்டுவிட்டார் — ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாசித்துக் காட்டட்டும் என்று.

ஆனால் கருப்பசாமி மாட்டேன் என்கிறார். இருபத்திரண்டு வருடமாகத் தபேலாவைத் தொடவில்லையாம்.

"அவரு ஏழாயிரம்பண்ணையில மருந்து ரூம்ல இருக்காகண்ணே" என்றார் குருவம்மாள். அதுவரை சண்டைக்கு வந்த குரல் அந்த இடத்தில் இறங்கியது. "அதை விட்டு வாங்க வாங்கன்னு எத்தனை வருசமா கேக்கேன்... எனக்கு வேற என்ன தெரியும்ங்காக. அதுக்கு இப்பத்தான் ஒரு பதில் வந்திருக்கு. நீங்களும் கூட வந்து ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லணும். எழுதுறவுக, நல்லாப் பேசுவீகள்ல?"

எழுதுகிறவன் பேசுவான் என்று இந்த நாட்டில் யார் கிளப்பிவிட்டது?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. அதைச் சலித்துக் கலக்கும் தனி அறைதான் மருந்து ரூம். பட்டாசு வேலையிலேயே வீட்டில் இருப்பவர்கள் அதிகம் பயப்படுவது அந்த வேலைக்குத்தான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் வந்து இறங்கினார்கள். கருப்பசாமி ஒல்லியான ஆள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. குருவம்மாள்தான் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசினார்.

சூலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. போகிற வழியில் மெதுவாகக் கேட்டேன். "செவ்வந்தியில இருந்தவுகல்லாம் இப்ப எங்க இருக்காக?"

"கீபோர்டு வாசிச்சவரு பிராய்லர் கடை போட்டிருக்காரு. நல்லா ஓடுது" என்றார் கருப்பசாமி. "ஆம்பளக் குரல் பொம்பளக் குரல் ரெண்டுலயும் ஒருத்தன் பாடுவான்லா... அவன் இப்ப பழைய இரும்பு வாங்குற வண்டிக்கு மைக்குல பேசிக் குடுத்திருக்கான். தெருத்தெருவா அவன் குரல்தான் போகுது."

யோசித்துப் பார்த்தேன். தினமும் காலையில் எங்கள் தெருவில் கேட்கும் குரல்! 'இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே' என்று ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை. குழுக்களை டிஜே பாக்ஸ் வந்து விழுங்கிவிட்டது என்று எழுதுகிறோம். குழுவைத்தான் விழுங்கியது. ஆட்கள் எல்லாம் அங்கங்கே வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மண்டப வாசலில் கருப்பசாமி செருப்பைக் கழற்றினார். உள்ளே போகும் முன், இரும்புக் கதவின் நிலையில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

குருவம்மாள் சிரித்தார். "மருந்து ரூம் வாசல்ல செம்புத் தகடு பதிச்சிருக்கும்ணே. ஒடம்புல இருக்கிற கரண்டு இறங்கணும்னு அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். எங்க போனாலும் இவுகளுக்கு அதே பழக்கம். எங்க கொழுந்தியா வீட்டுக்குப் போனாக்கூட அங்கன கிரில்லைத் தொட்டுட்டுத்தான் உள்ள வருவாக."

உள்ளே விமலா, கீபோர்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். ஒரு ஓரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர், ரிதம் பேட் என்னும் மின் தாளக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே இடத்துக்குப் போட்டி.

தபேலாவை முன்னால் வைத்து மைக்கைத் திருப்பினார்கள். விமலா ஒரு பல்லவியை எடுத்தார். கருப்பசாமியின் விரல்கள் இறங்கின.

சத்தமே இல்லை.

விரல்கள் என்னவோ ஓடுகின்றன, மணிக்கட்டு திரும்புகிறது, தலை ஆடுகிறது. எட்டிப் பார்த்தால் வாசிக்கிறார். கண்ணை மூடினால் யாரோ பக்கத்து அறையில் அரிசி புடைப்பது மாதிரி இருக்கிறது.

"மைக் ஆன்ல இருக்கா?" என்றார் விமலா.

"இருக்குக்கா. மைக்குல கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் கீபோர்டுக்காரர்.

விமலா எழுந்து வந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டார். "அண்ணே, கணக்கு அப்படியே இருக்கு. ஒரு தட்டுகூடப் பிசகல. ஆனா சத்தம் எங்க? தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீகளே!"

கருப்பசாமி திகைத்துப் போனார். "அடிச்சிக்கிட்டுத்தான தங்கச்சி இருக்கேன்..."

அவருக்கே தெரியவில்லை! தட்டக் கூடாது, உரசக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது — அந்த அறையில் இருபத்திரண்டு வருடம் கையை ஓங்காமலே வேலை செய்த மனிதர். மெதுவாகத் தொடுவதுதான் அந்தக் கைக்கு இப்போது அடி.

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் குருவம்மாள். "கதவைச் சாத்த மாட்டாக, கொண்டுபோய் வைப்பாக. எங்கூடச் சண்டை போட்டாக்கூட தட்டைத் தூக்கி எறிய மாட்டாக. மெல்ல நகத்தி வச்சிட்டுத்தான் கோவப்படுவாக."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன? அச்சாபீசில் லேபிள் வெட்டும் மிஷினில் முப்பது வருடம் நின்றவன். பந்தியில் அப்பளக் கட்டைக் கையில் கொடுத்தால்கூட நாலு ஓரமும் சேர்த்துத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் பரிமாறுவேன். நாம் வேலைக்குப் போகிறோம் என்று நினைக்கிறோம். வேலையும் நமக்குள் வந்து குடியேறிவிடுகிறது.

விமலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அருப்புக்கோட்டைக்காரரைப் பார்த்தார்.

"சரிண்ணே. பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்த்த வீடுகளுக்குத் தெரியும். கருப்பசாமி தபேலாவின் மேல் துணியைப் போட்டு மூடினார். அதையும் சத்தமில்லாமல். குருவம்மாள் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். 'எந்திரிச்சுப் பேசுங்க' என்று அர்த்தம்.

எழுந்தேன். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் நன்றாகத் தயாரித்து வைத்திருந்தேன் — அனுபவம், திறமை, ஒரு வாய்ப்பு... ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது இதுதான்:

"இவரு செத்துப்போயிட்டாருன்னு எழுதுனது நான்தாங்க."

கீபோர்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா?" என்றார் விமலா.

"ஆமாங்க. அதனால... இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா?"

உட்கார்ந்துவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என் வாழ்க்கையில் பொது இடத்தில் நான் பேசிய மிக நீளமான உரை அது.

விமலா சிரித்துக்கொண்டே தலையசைத்தார். ஆனால் கருப்பசாமி துணியை எடுக்கவில்லை. "வேண்டாம்மா. எனக்கு வராது" என்றார்.

அப்போதுதான் குருவம்மாள் எழுந்து போனார். தபேலாவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரே துணியை எடுத்தார்.

"ஏங்க. என்னைப் பாருங்க. இங்கன மருந்து இல்ல."

"தெரியுது."

"தெரிஞ்சா ஓங்கி அடிங்க. ஒண்ணும் ஆகாது."

"கை போக மாட்டேங்குதுடி."

"அப்படியே ஆனாலும் எனக்கும் சேத்துத்தான ஆகும்? முன்னால உக்காந்திருக்கேன்ல. அடிங்க."

கருப்பசாமி கையைத் தூக்கினார். நெஞ்சு உயரத்துக்கு. ஒரு அடி.

மண்டபம் அதிர்ந்தது. மைக் முழு சத்தத்தில் இருந்ததை யாரும் குறைத்திருக்கவில்லை.

கருப்பசாமி கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். "ஆகலல்ல?"

"ஆகல. இன்னொண்ணு அடிங்க."

இன்னொன்று. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. விமலா எப்போது பாட ஆரம்பித்தார், கீபோர்டு எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டைக்காரர் போட்டியை மறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். குருவம்மாள் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் அழுதாரா என்று கேட்காதீர்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஐந்து ஊர்களுக்குக் கருப்பசாமியை எடுத்துக்கொண்டார் விமலா. "தெனமும் வீட்டுல அடிச்சுப் பழகுங்கண்ணே, சத்தம் இன்னும் வேணும்" என்று கண்டிஷன். ஐந்து கச்சேரியை வைத்து வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் கம்பெனி போர்மேனிடம் போய், மருந்து ரூமில் இருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 'கூலி குறையுமே' என்றாராம் போர்மேன். 'எனக்குப் பொங்கல் சீசன்ல வேற ஜோலி இருக்கு' என்றாராம் இவர். எத்தனை வருடத்து ஆசையோ அந்த வாக்கியம்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நேற்று குருவம்மாளுக்குப் போன் செய்து கேட்டேன். அதுவும் உடனே கிடைக்கவில்லை. காலையில் அடித்தேன், எடுக்கவில்லை. பத்து மணிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் — அப்போதும் இல்லை. எங்கள் பக்கத்தில் போன் எடுக்காவிட்டால் என்ன நினைப்போம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்குக் குருவம்மாளே கூப்பிட்டார்.

"பயந்துட்டீகளாண்ணே? இத்தனை வருசமா அவுக வேலைக்குப் போனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் போனு என் மடியிலதான் கெடக்கும். கக்கூஸுக்குப் போனாலும் கையிலதான் இருக்கும். அவுக பேக்கிங்குக்குப் போன இந்த ரெண்டு நாளா அதை எங்க வைக்கேன்னே தெரியலண்ணே. இப்பத்தான் அரிசிப் பானைக்குப் பின்னால கெடந்துச்சு."

மூன்று முறை அடித்தும் ஒருவர் போனை எடுக்காததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.