சாகசக்காரர் கொண்டுவந்த கல்

போர் முடிந்த சில வருடங்களில், எங்கள் கற்பிட்டிக் காற்றுக்கும் விலை இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள் வந்தார்கள், அவர்களுக்கு விடுதிகள் வந்தன, விடுதிகளுக்கு நடுவே ஒரு பயணப் புத்தகக் கடையும் வந்தது. ஆங்கிலம் தெரிந்ததால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. புத்தகம் விற்பேன், கோப்பி ஊற்றுவேன், சனிக்கிழமை பின்னேரங்களில் நாற்பது கதிரைகளை வரிசையாகப் போடுவேன். அன்றுதான் எழுத்தாளர்கள் வந்து தங்கள் சாகசங்களைச் சொல்வார்கள்.

சாகசம் என்றால் என்னவென்று அங்கேதான் படித்தேன். வீட்டில் சோறும் மெத்தையும் உள்ள ஒருவர் அவற்றை வேண்டுமென்றே விட்டுப் போய், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, முந்நூறு பக்கம் எழுத வேண்டும். கொழும்பிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்த ஒருவர் தன் குதிக்காலில் வந்த கொப்புளத்தைத் திரையில் கதவளவுக்குக் காட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர் குறிஞ்சிப்பிட்டியில் யாரோ ஒருவருடைய தென்னந்தோட்டத்தில் கூடாரம் அடித்துவிட்டு அதை வனாந்தரம் என்றார். காலையில் தோட்டக் காவல்காரர் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்ததையும் அவரேதான் சொன்னார். அதற்குப் பிறகும் அது வனாந்தரமாகவே இருந்தது. எங்கள் கரையைப் படம்பிடித்த அத்தனை பேரும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி படத்துக்குள் வராதபடி எடுத்திருந்தார்கள். அதற்கு மட்டும் உண்மையிலேயே கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

அந்தப் புத்தகங்களை நான் விற்றேனே தவிர வாசிக்கவில்லை. தூசி தட்டினேன், அடுக்கினேன், பைக்குள் போட்டுக் கொடுத்தேன். வாசிக்காததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களான எங்கள் எல்லோரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு மீன்பிடிப் படகில் அறுபது எழுபது பேர் தெற்கே புறப்பட்டு, கடைசியில் கற்பிட்டியில் கரையேறினோம். என் தம்பி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வழியில் காய்ச்சல் கண்டு, நடுக்கடலில் உம்மாவின் மடியிலேயே மௌத்தானான். ஒரு மணல் திட்டில் படகை அணைத்து, ஆண்கள் மட்டும் இறங்கி அவனை அடக்கினார்கள். உம்மா இறங்கவில்லை. நான் பார்த்தது வெள்ளை மணலையும் குனிந்திருந்த முதுகுகளையும்தான்.

போர் முடிந்து கடல் திறந்ததும் உம்மாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அவனை அடக்கிய அந்தக் கபுரடிக்குப் போய் அவனுக்காக ஒரு யாசீன் ஓத வேண்டும். வாப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அடக்கியவர்களில் மிஞ்சிய இருவருக்கும் இடம் நினைவில்லை. கற்பிட்டிக் கடற்காரர் யாரைக் கண்டாலும் உம்மா விசாரிப்பார். "ராத்தா, அந்தப் பக்கம் எத்தனையோ திட்டு இரிக்கி. எண்டாலும் மீசான் கல்லு இரிந்தா பாத்த ஒடன தெரியும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். கபுரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளமாக நடும் கல்லைத்தான் மீசான் என்போம். உம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குத் தனி ஆளாகத் துடுப்புப் போட்டு வந்தவர். இந்தக் கடலை இப்படிக் கடந்த முதல் மனிதர் என்று கடை முதலாளியம்மா அறிமுகம் செய்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. இரண்டாம் நாளே இடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டாராம். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் உண்மையான சுதந்திரமாம். அதற்கும் கை தட்டல். எங்கே போய் இறங்கப்போகிறோம் என்று தெரியாமல் வந்த எங்கள் படகில் யாரும் அதைச் சுதந்திரம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பிறகு, மனிதக் காலடி படாத ஒரு மணல் தீவில் தங்கியதைச் சொன்னார். அங்கே ஆதிகாலக் கடலோடிகள் வளம் வேண்டிக் கும்பிட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தாராம். காலடி படாத தீவில் கும்பிட்டவர்கள் எப்படி நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேசையில் கறுப்புத் துணியை விரித்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல் அந்தக் கல்லை அதன்மேல் வைத்தார்.

அது அம்மிக் குழவி. எங்கள் வீட்டுக் குழவி.

குழவிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இதன் ஒரு முனையில் பிறை வடிவில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. ஏழு வயதில் படிக்கட்டில் போட்டுப் பெயர்த்தவள் நான்தான், அதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. மன்னாரை விட்டு வந்த அன்று உம்மா பதற்றத்தில் அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் பைக்குள் போட்டிருந்தார். படகில் அதைப் பார்த்து வாப்பா தலையில் அடித்துக்கொண்டார். திட்டில் ஒரு கல்கூடக் கிடைக்காதபோது அதையே தூக்கிக்கொண்டு போய்த் தம்பியின் தலைமாட்டில் நட்டார். கால்மாட்டுக்குப் படகின் நங்கூரக் கல்லைக் கழற்றிக் கொடுத்தார்கள். இந்தக் குழவியின் படம் உள்ளே அச்சான அவருடைய புத்தகத்தை இரண்டு வாரமாகத் தூசி தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "இதோடு இன்னொரு கல் இருந்ததா?" என்று கேட்டேன். இருந்ததாம், ஆனால் அது வெறும் கல்லாம். கூடாரத்துக்குப் பாரமாக வைத்துவிட்டு எங்கே விட்டாரோ தெரியாதாம். தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, கருவியைத்தான் அணைத்துவிட்டேனே என்றார்.

அது என் தம்பியின் கபுர் என்று நான்கு வசனத்தில் சொன்னேன். அவருடைய கண் கலங்கியது. வெட்கம் என்று ஒரு நொடி நம்பினேன். இல்லை, அவருக்கு அடுத்த பதிப்புக்கு ஒரு அத்தியாயம் கிடைத்திருந்தது. "எவ்வளவு அற்புதமான கதை! ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா?" என்றார். நான் முடியாது என்றதும், பெருந்தன்மையாக அந்தக் கல்லை எங்கள் குடும்பத்துக்கு அன்பளிப்பாகத் தருவதாக எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். எங்கள் குழவியை எங்களுக்கே! அதற்கும் கை தட்டினார்கள். உம்மாவுக்கென்று புத்தகம் ஒன்றில் கையெழுத்தும் போட்டார். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுக் குழவியை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவருடைய கறுப்புத் துணியையும் எடுத்துவந்துவிட்டேன், அதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

நுரைச்சோலையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது எனக்குள் ஒரு வெற்றி இருந்தது. இதைக் கண்டதும் உம்மா நெஞ்சோடு அணைத்துக்கொள்வார் என்றே நினைத்தேன். உம்மா துணியை விலக்கினார், பெயர்ந்த முனையை விரலால் தடவினார். தெரிந்துகொண்டார். ஆனால் தூக்கவில்லை.

"இத எங்கரிந்து எடுத்தானாம்?"

"அவருக்கே தெரியாதாம், உம்மா."

"மத்தக் கல்லு?"

"அதையும் புடுங்கிட்டாராம்."

உம்மா குழவியைத் திரும்பவும் துணியால் மூடினார்.

"அப்ப என்ட புள்ளைக்கு இப்ப தலமாட்டுல ஒண்டுமே இல்ல."