சாப்ட்டியளா, சாப்ட்டீங்களா

ஆஸ்பத்திரியில் எல்லாரும் முதலில் கூப்பிடுகிற ஆளும், கடைசி வரைக்கும் யாரும் பெயர் கேட்காத ஆளும் ஒருத்திதான்: உதவி நர்ஸ். அந்த வேலைக்கு முப்பத்திரண்டு வயதில் படிக்கப் போனவள் நான். பிள்ளை பெற்ற பிறகு நோட்டும் பேனாவும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருந்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் "ஆன்ட்டி" என்று கூப்பிடும்போது வருகிற கடுப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு திருப்பூர் வந்து, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங்கில் நின்றேன். தைத்து வருகிற பனியனில் ஓட்டையோ, அழுக்கோ, தையல் விட்டதோ இருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிற வேலை. ராத்திரி எட்டரை மணி வரை ஷிப்ட். தங்கல் கம்பெனி விடுதியில். விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் என் மகள் ஜெனி இரண்டு வயதிலிருந்து ஊரில் என் அக்காவிடம் வளர்ந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் பிரச்சினையே.

பகல் ஷிப்ட் வேலை ஒன்று கிடைத்தால் ஒரு ரூம் பார்த்து ஜெனியைக் கூட்டி வந்துவிடலாம். சமுதாயக் கல்லூரியில் ஒரு வருஷ உதவி நர்ஸ் படிப்பில் சேர்ந்தது அதற்காகத்தான். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் பழைய செக்கிங் டேபிள். விண்ணப்பத்தில் "சேவை மனப்பான்மை" என்று எழுதியதெல்லாம் சும்மா.

ஏழில் ஆறு ரிஜெக்ட்

பயிற்சிக்கு எங்களை ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வார்டு பொறுப்பு சரஸ்வதி சிஸ்டர். முதல் நாள் ஏழு படுக்கைக்கு விரிப்பு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது, ஓரத்தைத் தடவுவது, மூலையை இழுத்துப் பார்ப்பது. முதல் விரிப்பில் ஓட்டை. இரண்டாவதில் மருந்துக் கறை. மூன்றாவதில் ஓரம் பிரிந்திருந்தது. அம்புக்குறி ஸ்டிக்கர் இல்லாததால் பிளாஸ்திரியைக் கத்தரித்து, குறை இருந்த இடத்தில் எல்லாம் ஒட்டி, அழகாக மடித்து ஓரமாக அடுக்கி வைத்தேன். ஏழில் ஒன்று தேறியது.

அரை மணி நேரம் கழித்து வந்த சிஸ்டர் வெறும் மெத்தைகளைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தமெல்லாம் போடவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள்.

"ஏனுங்க, ரிஜெக்ட் பண்ணீட்டீங்க, சரிங்க. இப்ப பேஷண்டுகளை எங்கீங்க படுக்க வெக்கறது, உங்க கம்பெனியிலயா?"

கண்ணு வலிக்குது

நாலாவது படுக்கையில் ஒரு பெரியவர். அவிநாசிபாளையத்துப் பக்கம் தோட்டம், பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. காலையில் நான் போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கண்ணு வலிக்குது" என்றார். நான் உடனே நோட்டில் 'கண் வலி' என்று எழுதி, ஓடிப் போய்ச் சொன்னேன். டியூட்டி டாக்டர் வந்தார். டார்ச் அடித்து வலது கண், இடது கண், மேலே பாருங்க, கீழே பாருங்க என்று ஒரு பாடு சோதனை. கண்ணில் ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து எழுதலாமா என்று அவர் யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

இந்தப் பக்கம் பெரியவர்கள் சின்னவர்களைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிட்டது என்னை. நாலு வருஷம் இருந்தும் இது தெரியாதா என்று கேட்காதீர்கள். செக்கிங் டேபிளில் என்னைச் சுற்றி நின்றதெல்லாம் திருநெல்வேலியும் தேனியும் பீகாரும்தான். என்னை யார் கண்ணு என்று கூப்பிட்டார்கள்? டார்ச் வெளிச்சத்தில் கண் கூசிப் போன பெரியவர் கடைசியில் பொறுமை இழந்து கேட்டுவிட்டார்.

"இடுப்பொடிஞ்சு வந்தவனுக்குக் கண்ணுல என்னத்தைங்க தேடறீங்க?"

மரியாதைப் பாடம்

அந்தக் 'கண்ணு' எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அவர் கூப்பிடாமலே அந்தப் படுக்கைப் பக்கம் நாலு தடவை போய் வருவேன். ஆனால் என் பேச்சு வார்டில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பெரியவர்களிடம் "மாத்திரை போட்டியளா, சாப்ட்டியளா" என்றுதான் மரியாதையாகக் கேட்போம். அது இங்கே "சாப்ட்டியா" என்று காதில் விழுகிறது. ஒரு பாட்டியம்மாவின் மருமகள் நேராக சிஸ்டரிடம் போய், புதுசா வந்த பிள்ளை எங்கத்தையை நீ, வா, போ என்கிறாள் என்று புகார் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மரியாதை தெரியாதவள் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை.

சிஸ்டர் தினம் பத்து நிமிஷம் எனக்குத் தனி வகுப்பே எடுத்தார். ஆமாங்க, இல்லீங்க, சரிங்க, வலிக்குதுங்களா. குளிக்கும்போதும் பஸ்ஸிலும் அதையே முணுமுணுத்து ஒரு மாதத்தில் தேறிவிட்டேன். பாட்டியம்மா டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அந்த மருமகளே என் கையைப் பிடித்து நல்லாயிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டேன். ஜெனிதான் எடுத்தாள். பாழாய்ப் போன வாய், பழகினதையே பேசியது: "சாப்ட்டீங்களா கண்ணு?"

போனை வாயிலிருந்து எடுக்காமலே அவள் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

"பெரியம்மா, யாரோ பேசுதாவ, நீயே கேளு."

பொம்மைக் குளியல்

குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை வைத்துத்தான் பாடம். தண்ணீர்ச் சூடு பார்க்க வேண்டும், தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், மடிப்புகளில் ஈரம் இல்லாமல் ஒற்ற வேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். இது எனக்குத் தெரிந்த வேலை, வெளுத்துக்கட்டிவிடலாம் என்றுதான் போனேன்.

துவட்டி, பவுடர் போட்டு, துணியில் சுற்றித் தோளில் சாய்த்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கீழே வைக்க மனசு வரவில்லை. ஜெனியை நான் கடைசியாகக் குளிப்பாட்டியது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. பேனாவை எடுத்து அந்த ரப்பர் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். நேரம் முடிந்து டீச்சர் கைதட்டியது காதிலேயே விழவில்லை. பேனா மை போகவே இல்லை. என்னோடு படித்த கௌசல்யா, அனுப்பர்பாளையத்துப் பெண், பத்தொன்பது வயசு, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

"காலேஜு பொம்மைக்குத் திருஷ்டி பட்டு என்னங்க்கா ஆயிடப் போகுது?"

எத்தனை நாளைக்கு

பாஸ் செய்தேன். பல்லடம் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட்டே கிடைத்தது. அருள்புரத்தில் ஒரு ரூம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டு, மே மாதம் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜெனி என்னிடம் நன்றாகத்தான் ஒட்டினாள். திருப்பூருக்குப் போவோமா என்றதும் குதித்துக்கொண்டு போய், ஒரு கட்டைப்பையில் இரண்டு கவுனும் ஒரு சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். வந்து, எத்தனை நாளைக்கும்மா என்றாள். இனிமேல் அங்கேதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் "பத்து நாளைக்கு" என்று வந்துவிட்டது. அக்காவுக்கு உண்மை தெரியும். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனி பையோடு ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அழாத பெரியம்மா, பத்து நாள்தான். அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்துருவேன்."

எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்கிற நோயாளிக்கு, முகம் மாறாமல் "பத்து நாளில் பார்க்கலாங்க" என்று சொல்லப் பழக வேண்டும் என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு, அதில் எனக்கு முழு மார்க்.