சைக்கிள் பாதையில் என் ஸ்கூட்டி

கணவருக்குத் தடா ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், மகளின் படிப்புக்காகச் சத்தியவேடு பக்கத்து ஊரை விட்டுத் திருப்பதியில் வீடு எடுத்தோம். அவர் வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாள்களில் அவளுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அந்த வருடம் பள்ளிக்குப் போகும் பெரிய ரோட்டின் ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்து, சைக்கிளுக்கென்று தனிப் பாதை விட்டார்கள். ஆறாம் வகுப்பு மகள் அன்றே கேட்டாள்: "இனிமே சைக்கிள்ல போறேம்மா. தனியா."

சரி என்றேன். சொன்ன உடனே பயம் வந்துவிட்டது. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் வழி தெரியாமல் சட்டென்று ஓரம் கட்டும். வெறும் வண்ணம் அவற்றை எப்படித் தடுக்கும்? முதல் நாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே, அந்தப் பாதைக்குள்ளேயே, மெதுவாகப் போனேன்.

எனக்குப் பின்னால் பூக்கூடை கட்டிய சைக்கிளில் வந்தவர் மணியடித்தே அலுத்துப்போனார். "ஏமம்மா, அவ்ளோ பெரிய ரோடு உன் ஸ்கூட்டிக்குப் பத்தலயா?" என்றார் தெலுங்கு கலந்த தமிழில்.

தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாளும் போனேன்.

"பசங்க சிரிக்கிறாங்கம்மா" என்றாள் மகள். "விஐபி வருது, பின்னாடி கான்வாய் வருது, வழி வுடுங்கடான்றாங்க. நீ வந்துக்கினே இருந்தா நான் ஆட்டோலயே போறேன்."

"தூரமா வரேன்டி."

"தூரமா வந்தாலும் சத்தம் கேக்குதே."

நான் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து இன்னும் சில அம்மாக்கள் அந்தப் பாதையில் ஸ்கூட்டியை இறக்கினார்கள். "நீங்க போறீங்களேன்னுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றாள் ஒருத்தி. ஒரு காலையில், எங்கள் ஸ்கூட்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, மகள் பச்சையைத் தாண்டி பஸ் ஓடும் ரோட்டிலேயே போய்விட்டாள். பின்னால் பஸ் ஹாரன். நான் கத்திய கத்தலில் இறங்கி நின்றவள், மீதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்குப் போனாள். மறுநாள் ஆட்டோவில் ஏறினாள்.

"நல்லதாப் போச்சு, வுடு" என்றார் கணவர் போனில். எனக்கும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குக் கறிவேப்பிலை இல்லை. கடை தெருமுனையில்தான். "சைக்கிள்ல போய் வாங்கினு வாடி" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நீயும் வரியாம்மா?"

அவள் குரலில் கேலியே இல்லை.