கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன்

1. வடக்கு ஜன்னல்

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் இருபத்தாறு வருஷம் செலக்‌ஷன் மேஸ்திரியாக இருந்தேன். பதனிட்டு முடிந்த தோலை மேஜையில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, வெயின் எல்லாம் பார்த்து, இது முதல் ரகம், இது நாலாம் ரகம் என்று பிரிக்கிற வேலை. வெயின் என்றால் தோலில் நரம்பு ஓடிய தடம். அந்த அறையின் பெரிய ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் நேராக விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் என் பிழைப்பு.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலை, தோலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று தோலைப் புரட்டிப் போடுகிற தயாளன் மேல் பாய்ந்தேன். பத்து வருஷமாக என்னோடு இருக்கிற ஆள்.

“ஜன்னல் கண்ணாடி தொடச்சியா இல்லியா?”

“காலைலயே தொடச்சேன் மேஸ்திரி.”

“தொடச்ச லட்சணந்தான் தெரியுதே. மறுபடியும் தொட.”

வாளியும் துணியும் எடுத்துப் போய்த் துடைத்தான். ஐந்து நிமிஷத்தில் வெளிச்சம் திரும்பியது. பார்த்தாயா என்று இன்னொரு தடவை திட்டினேன். அந்த மாதம் மூன்று முறை இப்படி ஆயிற்று. மூன்று முறையும் அவன் துடைத்தான், மூன்று முறையும் வெளிச்சம் வந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

2. பல்லின் மேல் பழி

அதற்கு முன்பே இரண்டு மாதமாகத் தலைவலி. நெற்றிப்பொட்டுப் பக்கம் விண்விண் என்று தெறிக்கும். சீப்பு பட்டால் தலைத்தோல் எரியும். எங்கள் ஊரில் எந்த நோய் வந்தாலும் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி நாற்றத்தின் மேல் பழி போட்டுவிடுவோம். நானும் போட்டேன். என் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். “ஒரு தடவ வேலூர் போய்க் காட்டிட்டு வரலாங்க” என்று தினமும் சொன்னாள். எனக்கு லீவு இல்லை என்றேன்.

முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி. நாலு வாய் மென்றதும் தாடை ஓய்ந்துபோனது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சரியாகும், மறுபடி மென்றால் மறுபடி வலிக்கும். கடைவாய்ப் பல் என்று முடிவு கட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன்.

“பல்லு நல்லாத்தான இருக்கு” என்றார்.

“வலிக்கிறது எனக்கா உங்களுக்கா? எடுங்க” என்றேன். இரண்டு நல்ல பற்கள் போயின. வலி போகவில்லை.

3. நாலு நாள்

ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, சும்மா இருட்டு. வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து தோல் வாங்குகிற பையர் கம்பெனி ஆள் சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒற்றைக் கண்ணனைச் செலக்‌ஷன் மேஜையில் யார் வைத்துக்கொள்வார்கள்? எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. இடது கண்ணாலும் கட்டைவிரலாலும் நாலு நாள் தோல் பிரித்தேன்.

நாலாவது நாள், வியாழன் மத்தியானம், இடது பக்கமும் மங்கியது. பழக்கம் விடுமா? அப்போதும் ஜன்னலைத்தான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலே தெரியவில்லை.

“தயாளா, என் கையப் புடி” என்றேன். அவனுக்கு அந்தக் குரல் புதிது. எஸ்தருக்கு ஆள் அனுப்பிவிட்டு, என்னைக் கைப்பிடித்து வேலூர் பஸ்ஸில் ஏற்றினான். வழியில் பார்வை கொஞ்சம் திரும்பியது, பாதிக்கும் கம்மி.

4. வேலூர்

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா என் பொட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இப்படிப் புடைச்சிருக்கு?”

நானும் தடவினேன். கயிறு மாதிரி ஒன்று விரலில் உருண்டது. ஒரு தோலில் அப்படி இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக் கழித்திருப்பேன். என் தலையில் அது இருப்பது எனக்குத் தெரியவில்லை.

அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். பிறகு பொட்டில் புடைத்திருந்த அந்த ரத்தக் குழாயில் துளி வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தார்கள். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். தலைக்குப் போகிற ரத்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிற நோய். கண்ணுக்கு ரத்தம் போகாவிட்டால் கண் செத்துவிடும்.

“நம்ம ஜனங்களுக்கு அபூர்வமா வர்றது. தலைவலி, தாடை வலி, கண்ணு இருட்டினது, எல்லாம் இது ஒண்ணாலதான்.”

“போன கண்ணு?”

“வராது ஐயா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தத்தான் மாத்திரை. நீங்களா நிறுத்திடாதீங்க.”

“முன்னாடியே வந்திருந்தா?”

ஜன்னல் வெளிச்சம் மூன்று முறை மங்கியதை நான் சொல்லக் கேட்டு, அவர் சொன்னார்: “மொத தடவ இருட்டினப்பவே வந்திருந்தீங்கன்னா, காப்பாத்தி இருக்கலாம்.”

எஸ்தர் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஆனால் திட்டுவதற்கு ஆள் இல்லை.

5. மாத்திரை

தலைவலி இரண்டு நாளில் ஓடிவிட்டது. மாத்திரை என்னோடு தங்கிவிட்டது. முகம் உப்பியது, சர்க்கரை வந்தது, பசி அடங்கவில்லை, தூக்கம் இல்லை. முதலாளி பார்க்க வந்தார். நல்ல மனுஷர். “இன்னா மேஸ்திரி, மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சே. ரெஸ்ட்டு ஒத்துக்கிச்சி” என்றார். ஷாப்பு வாசல் கேட்டில் உட்கார்ந்து லாரிகளைக் கவனிக்கச் சொன்னார். உள்ளே போகிற லாரியில் என்ன சரக்கு என்று மூக்கால்தான் சொல்ல முடிந்தது. ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு, காலையில் கண் திறக்கவே பயம். மிச்சமும் போயிருந்தால்? எதற்குத்தான் விடிகிறதோ என்று பல நாள் படுத்தே கிடந்திருக்கிறேன். இப்போதும் அப்படித்தான். ஜெபம் பண்ணு என்கிறார்கள். என்ன கேட்டு ஜெபம் பண்ணுவது?

6. தயாளன் சொன்னது

என் மேஜைக்குத் தயாளனை மேஸ்திரி ஆக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தான்.

“மேஸ்திரி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி இருட்டுது இருட்டுதுன்னு திட்டினீங்களே, எனக்கு இருட்டவே இல்ல. மூணு தடவயும் வெளிச்சம் எப்பவும் போலத்தான் இருந்துச்சி.”

“ஏண்டா சொல்லல?”

டம்ளரைக் கீழே வைத்தான்.

“உங்ககிட்ட யாரு மேஸ்திரி சொல்லுவாங்க?”

இதை நான் சொல்லச் சொல்ல எஸ்தர் எழுதுகிறாள். ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். வயது ஐம்பதைத் தாண்டி, புதிதாகத் தலைவலி வந்து, மென்றால் தாடை ஓய்ந்தால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வெளிச்சம் குறைந்தால், எதிரில் நிற்கிறவனிடம் உனக்கும் இருட்டுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு எதிரிலேயே ஒருவன் நல்ல கண்ணோடு நின்றான். நான் கேட்கவில்லை. மூன்று முறையும் துடை என்றுதான் சொன்னேன்.