ஆசீர்வாதம் தட்டிப் பார்த்த தோல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் ஷாப்புக்கு ஒரு தந்தி வந்தது. சென்னைத் துறைமுகத்தில் எங்கள் படகுகளைக் கவனித்துவந்த ஆசீர்வாதம் முதல் நாள் இறந்துவிட்டார் என்று அதில் இருந்தது. செய்தி கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஷாப்பில் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டரான நான் மட்டும் தந்தியை மூன்று தடவை படித்தேன். முன்பு அவர் அனுப்பிய தந்தியொன்றை ஒரே தடவை படித்துவிட்டு நான் செய்த காரியம் அப்படிப்பட்டது. அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் சொல்ல வேண்டியவன் நான்தான், ஏனென்றால் குற்றவாளி நான்.

துறைமுகத்துக்குப் போகும் முன் அவர் எங்கள் ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு தோலின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். "இது நெமிலிப் பக்கத்து மாடு. நுகத்தடி பட்ட எடம் இது. இங்க உண்ணி கடிச்சிருக்குது" என்பார். பழுதான இடத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அவரைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று, அவர் ஒருமுறை பார்த்த தோலில் இருந்த வட்டத்தை அழித்துவிட்டு மறுபடி நீட்டினேன். அதே இடத்தில் அதே அளவில் வட்டம் போட்டுவிட்டு, "ரைட்டரே, உங்களுக்கு வேலை கம்மியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பயம் கலந்த மரியாதை வந்துவிடும்.

ஒரு சமயம் கப்பலுக்குப் போன சரக்கு ஈரமாகித் திரும்பிவந்தது. எங்கே நனைந்தது என்று பார்த்துவர முதலாளி அவரைப் பட்டணத்துக்கு அனுப்பினார். கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோக எங்களுக்கு மூன்று இரும்புப் படகுகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக மணலில் ஏற்றிக் கவிழ்க்கச் சொல்லி, அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, சாண் சாணாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாராம். மாட்டுத் தோலைத் தவிர வேறெதையும் அறியாத மனிதர் கப்பல்காரர்களுக்கே தெரியாத ஓட்டையைக் காட்டினார். முதலாளி அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார். அது முதல் பதினைந்து நாளைக்கு ஒரு படகு கரையேறும். ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறும். "நல்லாத்தானே மிதக்குது, ஏன் இந்தப் பேஜாரு?" என்று படகோட்டிகள் முணுமுணுத்தால், "ஒழுகுனப்புறம் பாத்தா அது அழுகை. முன்னாடியே பாக்கறதுதான் வேலை" என்பாராம்.

பிறகுதான் அந்தத் தந்தி வந்தது. "தோல் கெட்டது. ஏற்றவில்லை." அவ்வளவுதான். அன்று மாலை கப்பல் புறப்பட வேண்டும். ஆம்பூரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தோல் என்றால் வேறு என்ன தோன்றும்? நான் அலறிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அத்தினி தோலும் கெட்டுப்போற வரைக்கும் அந்த ஆளு இன்னா பண்ணிட்டிருந்தான்?" என்று கத்தி, ஆசீர்வாதத்தை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் எழுதச் சொன்னார். "தோலைக் கெடுத்த குற்றத்திற்காக" என்று அழகான கையெழுத்தில் நானே எழுதி, அடுத்த ரயிலில் நானே எடுத்துக்கொண்டும் போனேன்.

போய்ப் பார்த்தால், கரையில் மிச்சமிருந்த தோல் கட்டுகள் தார்ப்பாய்க்குக் கீழே நனையாமல் காய்ந்து கிடக்கின்றன. பாதிக்குமேல் ஏற்கெனவே இரண்டு படகுகளில் கப்பலுக்கே போய்விட்டது. மூன்றாவது படகு மட்டும் மணலில் சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு நீல வட்டம்.

"தோல் கெட்டுடுச்சுன்னு தந்தி அடிச்சீங்களே, அண்ணே?" என்றேன்.

"ஆமா, ரைட்டரே. கெட்டுத்தான் போச்சு. படகுக்கு இந்தத் தகடுதானே தோலு? அதான் இதுல சரக்கு ஏத்தல. வாங்க, உள்ள எறங்கி உக்காருங்க."

படகின் இருட்டான வயிற்றுக்குள் உட்கார்ந்தேன். வெளியே அவர் தட்டிக்கொண்டே வந்தார். கணீர், கணீர் என்று கேட்டது. ஓரிடத்தில் மட்டும் ஈரச் சுவரைத் தட்டுவது போலச் சத்தம் அமுங்கியது. கொஞ்சம் ஓங்கித் தட்டினார். துரு உதிர்ந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தகடு பிய்ந்து வெயில் உள்ளே பாய்ந்தது. வர்ணம் பூசிய அந்த இடத்தில் ஒரு கீறல்கூட முன்பு தெரியவில்லை. சரக்கோடு நடுக்கடலில் இருந்திருந்தால் அங்கே பாய்ந்திருப்பது வெயில் அல்ல. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டுப் பேரு ஏறுற படகு" என்று மட்டும் அவர் சொன்னார். பிறகு, "பையில இன்னா காயிதம்?" என்று கேட்டார்.

மறைக்க முடியவில்லை, கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். அவர் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, கடிதத்தில் "தோலை" என்ற சொல்லைச் சுற்றி ஒரு நீல வட்டம் போட்டார். "ஓட்டை இங்க இருக்குது, ரைட்டரே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றப் படகுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆம்பூர் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "இனிமே அந்த மனுசன் சொன்னாத்தான் படகு தண்ணியில எறங்கணும்" என்றார். அன்றிலிருந்து ஆசீர்வாதத்தின் காலம் முடிகிற வரை எங்கள் படகு ஒன்றுகூட ஒழுகவில்லை. அந்த எட்டுப் பேரும் இன்றைக்கும் படகோட்டுகிறார்கள். அவர் சவப்பெட்டியைச் சுமந்ததும் அவர்கள்தானாம்.

அந்தக் கடிதத்தை நான் கிழித்துப்போடவில்லை. என் மேஜை இழுப்பறையில் நீல வட்டத்தோடு இருக்கிறது. எதை எழுதினாலும் அனுப்பும் முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். செவ்வாய்க்கிழமையும் எடுத்து, வந்த தந்தியை அதன் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாகத் தட்டிப் பார்த்தேன். தப்பென்று வட்டம் போடுவதற்கு அந்தத் தந்தியில் ஒரு சொல்கூட இல்லை.