ஆற்றுத் தண்ணீரும் குழம்புப் பொடியும்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஆறரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் போட்டேன். வெள்ளைத் துணிகளைத் தனியாக வாஷிங் மெஷினில் போட்டேன். ஒன்பதரைக்கு ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை, முருங்கைக்காய், ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கினேன். இரவு பனி விழும் என்று சொல்லியிருந்ததால் கடையில் நல்ல கூட்டம். வீடு திரும்பியதும் காரேஜில் பனியைக் கரைக்கப் போடும் உப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எடிசனில் எங்கள் சனிக்கிழமைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

பதினொரு மணிக்கு மகள் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய சார்ட்டை விரித்தாள். பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு, ஏதாவது ஒரு பழங்காலத்து ராணியின் குடும்பத்தை வரைந்து விளக்க வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டவள் எகிப்தை ஆண்ட கிரேக்க ராஜா ஒருவனின் மகள், சிரியாவுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வரும். அதை நான் தமிழாக்கியே எழுதிக்கொள்கிறேன்.

கோடுகளை ஸ்கேல் வைத்துப் போடச் சொல்லத்தான் பக்கத்தில் போனேன். போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன சொல்வீங்க? இவ அம்மாவை அப்பா துரத்திட்டார். அப்புறம் தன்னோட சொந்த அக்காவையே கல்யாணம் பண்ணிட்டார்."

"சொந்த அக்காவா?"

"சொந்த அக்கா. அதுவும் அந்த அக்கா முன்னாடி யாருக்கு வைஃப் தெரியுமா? இவ அம்மாவோட அப்பாவுக்கு."

நான் பென்சிலை வாங்கி ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் அக்கா என்றால் அத்தை. அப்பாவின் இரண்டாவது மனைவி என்றால் சித்தி. அம்மாவின் அப்பாவைக் கட்டியிருந்தவள் என்றால் பாட்டி முறை. மூன்றும் ஒரே பெண்மணி. கல்யாணப் பத்திரிகையில் அந்த அம்மாளின் பெயரை எந்த வரிசையில் போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். என் கணவர் ஹாலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "எதுன்னு கூப்பிட்டாலும் சண்டைதான்" என்றார்.

அந்த ராணியின் கல்யாணமும் சுலபமானது இல்லை. சிரியாவின் ராஜாவுக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். போரை நிறுத்துவதற்காக அந்த மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு இவளைக் கட்டினான். அப்பா கொடுத்து அனுப்பிய சீரைப் பார்த்து ஊரே இவளுக்குச் சீர் கொண்டுவந்தவள் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டதாம். அதோடு அவர் நிறுத்தவில்லை. மகள் நைல் நதித் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்கக் கூடாது என்று, கல்யாணத்துக்குப் பிறகும் எகிப்திலிருந்து சிரியாவுக்குத் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருந்தாராம்.

எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கப்பலிலா, ஒட்டகத்திலா? வழியில் கெட்டுப்போகாதா? மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள்? எங்கள் ஊரில் தண்ணீர் இல்லையா என்று கேட்டிருக்க மாட்டார்களா?

"அம்மா, எனக்கு அஞ்சு நிமிஷ பிரசன்டேஷன்தான்" என்றாள் மகள். பிறகு அவளே சிரித்தாள். "தாத்தாவும் இதைத்தானே பண்றார்?"

உண்மைதான். என் மாமனார் திருச்சியில் இருக்கிறார். மிளகாயும் தனியாவும் வாங்கிக் காயவைத்து, மிஷினில் நின்று அரைத்து, குழம்புப் பொடி அனுப்புவார். பார்சல் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் முதலில் கேட்பது நாட்டின் மறுகோடியில், சான்டா கிளாராவில் இருக்கும் தன் மகளை, அதாவது என் நாத்தனாரைப் பற்றி. அவளால் கடைப் பொடி சாப்பிட முடியாது என்பது அவர் முடிவு. நான் இரண்டு பங்காகப் பிரித்து, அவள் பங்கைப் பெட்டியில் வைத்து, நீல டேப் ஒட்டி அனுப்புவேன். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே நாத்தனார் ஃபோன் செய்வாள். குறை சொல்லத்தான். காரம் ஜாஸ்தி, பெருங்காயம் போதவில்லை, நல்ல பாக்கெட்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களா அண்ணி என்பாள். நானும் ஆமாம் என்பேன். பல வருடங்களாக எங்கள் இருவருக்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்தத் தடவை பெட்டி செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்திருந்தது. ஃபோன் வரவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "உங்க தங்கச்சி பொடியைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க."

"நல்லதுதானே. பிடிச்சிருக்கும்."

"பிடிச்சாலும் சொல்லுவா. போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"ஏப்ரல்ல ஸ்கூல் ஸ்பிரிங் பிரேக் லீவு வருதுல்ல, எல்லாரும் போலாம். இப்ப டிக்கெட் என்ன விலை விக்குது தெரியுமா?"

மத்தியானம் மகள் பிரசன்டேஷனை எங்கள் முன்னால் பேசிப் பார்த்தாள். ராணியின் அப்பா இறந்ததும் கதை மாறுகிறது. சிரியாவின் ராஜா பழைய மனைவியிடமே திரும்பிப் போய்விட்டான். கொஞ்ச நாளில் அங்கேயே செத்தும் போனான். பழைய மனைவியின் மகன்தான் ராஜா என்று அவள் தரப்பினர் அறிவித்தார்கள். தலைநகர் அந்தியோக்கியாவில் இந்த ராணி சின்னக் குழந்தையோடு மாட்டிக்கொண்டாள். எகிப்தில் அவள் அண்ணன் அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்தான். தகவல் கிடைத்ததும் கப்பற்படையோடு புறப்பட்டான். அண்ணன் மனைவி, அவன் பத்திரமாகத் திரும்பினால் தலைமுடியைக் கோயிலுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்தானா?" என்றார் என் கணவர்.

"சேர்ந்தார். லேட். அதுக்குள்ள குழந்தையையும் அவளையும் கொன்னுட்டாங்க."

"அவ்ளோ பெரிய கப்பற்படை வெச்சிருந்தானே."

"அதான் அப்பா. கப்பலையெல்லாம் சேர்க்க வேணாமா? ஸ்பிரிங் பிரேக் வரைக்கும் வெயிட் பண்ணியிருப்பார்."

பிறகு என்ன ஆனது என்று நான் கேட்டேன். அதுதான் விசித்திரமான பகுதி என்றாள் மகள். ராணி செத்ததை அவள் கூட இருந்த பெண்கள் மறைத்துவிட்டார்களாம். அவள் உயிரோடு இருக்கிற மாதிரியே அவள் பெயரில் ஊர் ஊராகக் கடிதம் போனது. படித்தவர்கள் எல்லாரும் ராணி நன்றாக இருக்கிறாள் என்று நம்பினார்கள்.

நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நாத்தனார் மெசேஜைக்கூட எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். அதுவும் மூச்சு விடாமல் மூன்று நிமிடத்துக்கு. இந்த வாரம் வந்திருந்தது எழுத்தில்: பெட்டி வந்தது, நன்றி அண்ணி, எல்லாரும் நலம். அவள் எனக்கு நன்றி சொன்னதே இல்லை.

அப்போதே வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் மத்தியானம் ஆகவில்லை. எடுத்தாள். தலை வாரியிருந்தாள், சிரித்தாள். அவளுடைய நாலு வயதுப் பையன் கீழே பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் சமையல் மேடையில் என் பெட்டி இருந்தது. நீல டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"பொடி எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு அண்ணி."

"பெட்டியைப் பிரிக்காமலேயா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள் போல. திரை இருண்டது, குரல் மட்டும் வந்தது.

"அவர் இங்க இல்ல அண்ணி. ஜனவரிலேயே போயிட்டார். தனியா அபார்ட்மென்ட் எடுத்திருக்கார். நானும் இவனும் கார்ன் ஃப்ளேக்ஸும் பீட்ஸாவுமா ஓட்டிட்டிருக்கோம். யாருக்குன்னு குழம்பு வெக்கறது? அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லல. இப்ப என்ன பண்ணப் போற?"

"திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கணும். பேப்பரெல்லாம் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. எது எங்க இருக்குன்னே தெரியல. தனியாத்தான் போகணும்."

என் கணவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. ஃபோனை வாங்கிக்கொண்டார். "நான் வரேன். இரு. நாளைக்கே வரேன்."

"நீ வேணாண்ணா."

"ஏன்?"

"நீ நேரா அவர்கிட்ட சண்டைக்குப் போவ. அப்புறம் உங்க ரெண்டு பேரையும் நான்தான் சமாதானம் பண்ணணும். அண்ணியை அனுப்பு. அவங்க வந்தா பேப்பரை ஒழுங்கா அடுக்குவாங்க." பிறகு சேர்த்துக்கொண்டாள். "கிச்சனையும் அடுக்குவாங்க. பரவால்ல, பொறுத்துக்கறேன்."

ஃபோனை வைத்த பிறகு அவர் ரொம்ப நேரம் மேஜைமேல் இருந்த சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து மறுநாள் மத்தியானத்துக்கு எனக்கு டிக்கெட் போட்டார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு எழுதினேன். ஃபிரிட்ஜில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒட்டிவைத்தேன்.

"அப்போ இந்தக் கதையில அண்ணி போறாங்க, அண்ணன் வீட்ல இருக்கார்" என்றாள் மகள்.

"நான் வேணா முடியை வெட்டிக் கொடுக்கறேன்" என்றார்.

"எங்க இருக்கு அப்பா?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். ஃபோன் வைத்ததிலிருந்து அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தப் பெண்மணிக்கு வந்த தண்ணீர் அப்பா செத்த பிறகு நின்றுபோயிருக்குமா, அண்ணன் தொடர்ந்து அனுப்பியிருப்பானா என்று படுக்கும்போது மகளிடம் கேட்டேன். யாரும் எழுதிவைக்கவில்லை என்றாள்.

மறுநாள் காலை எழுந்ததும் டிகாக்‌ஷன் போடவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு காரேஜைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னாலேயே வெளியே நின்று டிரைவ்வேயில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கார் போவதற்கு இரண்டு சக்கரத் தடம் மட்டும் போதும் என்றேன். கேட்கவில்லை, தெரு முனை வரைக்கும் அகலமாகவே தள்ளினார். நான் உப்பு மூட்டையைப் பிரித்து, அவர் பின்னாலேயே தூவிக்கொண்டு போனேன்.