தட்டு ஒன்றுக்கு ஐந்து ரூபாய்

“ஏத்தா, நீ எழுதிவச்ச விலையைப் பாத்து எவன் காசு குடுப்பான்?”

சித்தப்பா இதைக் கேட்டபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனால் அப்பாவின் போட்டோக் கடைக்கு விலைப்பலகை எழுதும் உரிமையை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கல்யாண வீடுகளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். என்ன கூலி என்று கேட்டால் நெளிவார். “பாத்துக் குடுங்க” என்பார். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள்: வெற்றிலை பாக்கின் மேல் இரண்டு ரூபாய், கூடவே ஒரு தேங்காய். படம் பதியும் கண்ணாடி சென்னையிலிருந்து வர வேண்டும். அதைத் தேங்காய் கொடுத்து வாங்க முடியாது. “இந்த வருசத்தோட புள்ள படிப்ப நிறுத்திருவோம்ணே” என்று சித்தப்பா சொன்னபோது அப்பா கேமராவைத் துடைக்கக் குனிந்தார். அன்று மாலைதான் நான் பலகையை எடுத்தேன்.

அந்தக் கண்ணாடியை அப்பா ‘பிளேட்டு’ என்பார். எங்கள் டீச்சருக்கோ தமிழில் இங்கிலீஷ் கலந்தால் பிடிக்காது. ஆகவே நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘கல்யாணப் படம், தட்டு ஒன்றுக்கு ஐந்து ரூபாய்.’

பத்து நாள் ஒருவரும் வரவில்லை. சித்தப்பா என் பெயரையே மாற்றிவிட்டார். “அஞ்சு ரூவா, தண்ணி கொண்டா!”

பதினோராம் நாள் கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு மீசைக்காரர் வந்தார். அக்கா மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர் கொண்டுபோகிறவர். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன்.

“தட்டுக்கு அஞ்சா? நம்ம சீரு இருபத்தொரு தட்டு. அம்புட்டையும் எடுத்துருங்க!”

நூற்றைந்து ரூபாய்! சித்தப்பா கண்ணாலேயே என் வாயைக் கட்டப் பார்த்தார். என் தமிழை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“அந்தத் தட்டு இல்லங்க, இது கண்ணாடித் தட்டு. ஒன்னுலயே இருபத்தொன்னும் விழுந்துரும்.”

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர் மீசையைத் தடவினார்.

“ஒன்னுல எடுத்தா எள்ளு மாதிரில்ல தெரியும்? மூணு மூணா எடுங்க. நாளைக்கு மாமன் சீரு கொறைச்சலுன்னு ஒரு பய வாயத் தொறக்கப்படாது.”

ஏழு கண்ணாடி, முப்பத்தைந்து ரூபாய். “முப்பதா வச்சுக்கங்க” என்றார். அப்பா வழக்கம்போல, “பாத்து...” என்று தொடங்கினார்.

“பலகைல போட்டிருக்கு” என்றேன்.

மீசைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இது வக்கீலுக்குப் படிக்கிற புள்ளையா?” என்றபடி மடியை அவிழ்த்தார்.

கல்யாணத்தில் வாழைத்தாரும் பட்டும் வெல்லமும் மூன்று மூன்றாகக் கேமரா முன் உட்கார்ந்தன. தட்டுகளுக்குப் பின்னால் பெண்களை வரிசையாக நிறுத்த நானும் போயிருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பாள் மணப்பெண். காதருகே குனிந்து, “என்னைய மட்டும் தனியா ஒன்னு எடுக்கச் சொல்றியா?” என்றாள். “அதுக்கு இன்னொரு அஞ்சு ரூவா ஆகும்” என்றேன். அவள் மாமனைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், வரிசைக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறையும் விலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதன்பின் சுற்றுவட்டாரத்துத் தாய்மாமன்கள் எல்லோரும் சீர்த்தட்டைப் படமெடுக்கக் கிளம்பினார்கள். என் படிப்பை நிறுத்தும் பேச்சு நின்றது. பலகை மங்கியபோது, சித்தப்பாவே பக்கத்தில் நின்று என் எழுத்தின் மேலேயே என்னை மை பூசவைத்தார்.

அத்தனை சீர் வந்த வீட்டில் அந்த மணப்பெண்ணின் கையில் அவளுடையதென்று ஐந்து ரூபாய் இருந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது கல்யாண வீட்டுப் பெண்களை நான்தான் படமெடுக்கிறேன். போன வாரம் புதுப் பலகை எழுதினேன். விலையை ஏற்றி, ‘பிளேட்டு’ என்றே போட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மணப்பெண்ணின் தனிப்படத்துக்குக் கட்டணம் இல்லை.’

சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஏத்தா, இப்புடி எழுதுனா எவன்...” என்று தொடங்கினார். அதற்குள் நான் ஆணியை அடித்து முடித்திருந்தேன்.